ஒருவன் வெட்டுக, ஒருவன் எடுக்க



இரண்டு ஆண்பிள்ளைகள் ஓடியாடித் திரிந்த ஒரு வீட்டைப் பற்றி இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். அது பெரிய மனிதர் எவரும் பிறந்த வீடன்று. வாசலில் கல்வெட்டு எதுவும் பதிக்கப்படவில்லை. கும்பகோணத்தில் காவிரிப் படித்துறைக்குச் செல்லும் தெருக்களுள் ஒன்றில், வாசலில் திண்ணையும் உள்ளே கூடமும் நடுவில் முற்றமும் கொல்லையில் கிணறுமாக நின்ற வீடு அது. அந்த இரு பிள்ளைகளுள் இளையவன் நான். 1956-ஆம் ஆண்டு மகாமகம் நடந்து முடிந்ததற்கு மறு ஆண்டில் எனக்கு ஒன்பது வயது. என் அண்ணனுக்குப் பதினொன்று.

எங்கள் தந்தையார் ஒரு வங்கியில் கணக்கராக இருந்தார். மாலையில் வீடு திரும்பியதும் அவர் முதலிற் கேட்கும் கேள்வி, "இன்று என்ன உடைந்தது?" என்பதுதான். ஏதேனும் ஒன்று உடைந்திருக்கும். மண்பானை உடைந்தால் அம்மா தாமே சொல்லிவிடுவார். கண்ணாடிச் சாமான் உடைந்தால் பாட்டி சொல்வார். எங்களுள் ஒருவனுடைய முழங்கால் உடைந்திருந்தால் யாரும் சொல்லமாட்டார்கள், மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த பற்றைப் பார்த்து அவரே தெரிந்துகொள்வார். கிட்டிப்புள் ஒருநாள் அடுத்த வீட்டு அடுக்களைக்குள் சென்று கொதிக்கும் ரசத்தில் விழுந்தது. பம்பரத்தின் ஆணி கூடத்துத் தரையில் எழுதிய எழுத்துகள், நாங்கள் அந்த வீட்டைவிட்டுப் போகும் வரையில் அழியவில்லை. அண்டை வீட்டார் எங்களை ஒருமையில் குறிப்பிடுவதே இல்லை. "அவர்கள் வந்துவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டுக் காயவைத்த வடகத்தை உள்ளே எடுப்பார்கள்.

இவையெல்லாம் எல்லா வீட்டிலும் உள்ளவையே. நான் சொல்ல விரும்புவது வேறு. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் நாள்தோறும் ஒரு நீதிமன்றம் நடக்கிறது. வழக்கு ஒன்றே ஒன்றுதான்: யாருக்கு அதிகம்?

இளையவன் தரப்பு வழக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு ஒரே துணியிலிருந்து இருவருக்கும் சட்டை தைப்பார்கள். வளர்கிற பிள்ளைகள் என்று சொல்லித் தையற்காரர் இரண்டு விரல் தாராளமாகவே தைத்துக் கொடுப்பார். அண்ணனுக்கு அது ஓராண்டு உழைக்கும். எனக்கோ, என் சட்டை கிழிந்தபின் அண்ணனுடைய சட்டையும் வந்து சேரும். ஆகவே ஒரே கோடு போட்ட, ஒரே நிறத்துச் சட்டையை நான் மூன்று ஆண்டு அணிந்திருக்கிறேன். பாடப்புத்தகமும் அவ்வாறே. புதுப் புத்தகத்தின் மணம் எப்படியிருக்கும் என்பதை நான் உயர்நிலைப் பள்ளியில் பாடத்திட்டம் மாறியபோதுதான் அறிந்தேன். ஆனால் ஒரு நன்மையை மறைக்கக் கூடாது. அண்ணன் தன் கணக்குப் புத்தகத்தின் ஓரங்களில் விடைகளைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தான். அவற்றுள் சில தவறானவை. எவை தவறு என்று கண்டுபிடிப்பதிலேயே எனக்குக் கணக்கு வந்துவிட்டது. பிற்காலத்தில் ஒரு கல்லூரியில் கணிதம் கற்பிக்க நேர்ந்ததற்கு அந்தப் பென்சில் எழுத்துகளும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

மூத்தவன் தரப்பு வழக்கு இதனினும் வலுவானது. அது ஒரே வாக்கியத்தில் அடங்கும்: "நீ பெரியவன், நீதான் விட்டுக்கொடுக்க வேண்டும்." உலகத்துப் பெற்றோர் எல்லாரும் இந்த வாக்கியத்தைச் சொல்லாத நாளில்லை. நான் அதனால் ஆதாயம் அடைந்தவன். ஆயினும் சொல்கிறேன், இதைப் போல அநியாயமான வாக்கியம் குடும்பத்தில் வேறில்லை. இரண்டாண்டு முன்னதாகப் பிறந்தது அவன் செய்த குற்றமன்று. அவன் எவ்வளவு வளர்ந்தாலும் நானும் கூடவே வளர்ந்துகொண்டிருந்தேன். ஆகவே அவன் பெரியவனாக இருப்பதிலிருந்து ஒருநாளும் விடுதலை பெற முடியவில்லை.

இந்த நீதிமன்றத்தின் தலைவர் எங்கள் பாட்டி. பள்ளிக்கூடத்தின் உட்புறத்தைப் பாராதவர். கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலைத்தான் வைப்பார். அவர் எங்களுக்கு விதித்த சட்டம் ஒன்றே: "ஒருவன் வெட்டட்டும், ஒருவன் எடுக்கட்டும்." போளியோ, கொய்யாவோ, வெல்லக்கட்டியோ, எது ஒன்றாக இருந்தாலும் ஒருவன் கையில் கத்தி, மற்றவனுக்கு முதல் தேர்வு. இன்று நான் வெட்டினால் நாளை அவன் வெட்ட வேண்டும். இதில் பாட்டிக்கு வேலையே இல்லை. வெட்டுகிறவன் சற்றே ஏமாற்றினாலும் நட்டம் அவனுக்குத்தான். ஒரு போளியைச் சரிபாதியாக வெட்டுவதற்கு நான் எடுத்துக்கொண்ட கவனத்தை, பிறகு எந்தத் தேர்வுக்கும் எடுத்துக்கொண்டதில்லை. தரையோடு கன்னத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இரு பக்கத்தின் தடிப்பையும் பார்ப்பேன். அண்ணன் எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கழுகைப் போல் காத்திருப்பான்.

மாம்பழத்தில்தான் சட்டம் முதலில் தடுமாறியது. போளி எங்கு வெட்டினாலும் போளி. மாம்பழம் அப்படியன்று, இரு புறமும் கதுப்பு, நடுவில் கொட்டை. நேர்பாதியாக வெட்ட முயன்றால் கத்தி கொட்டையில் நின்றுவிடும். ஆகவே வெட்டுகிறவன் ஒரு பக்கம் கதுப்புகளையும் மறுபக்கம் சதை விட்டு அரிந்த கொட்டையையும் வைத்துச் சரிகட்ட வேண்டும். எனக்குக் கொட்டையின் மேல்தான் ஆசை. முழங்கை வரையில் சாறு வழிய அதை உறிஞ்சி, நார் வெளுத்துப்போகும் மட்டும் விடமாட்டேன். அண்ணனுக்கு அது அருவருப்பு; அவனுக்கு வழவழப்பான கதுப்பே பழம். ஆகவே நான் வெட்டும் நாளில் பெரிய கதுப்பு இரண்டையும் ஒரு பக்கம் வைத்து, சதைப்பற்றுள்ள கொட்டையை மறுபக்கம் வைப்பேன். அவன் கதுப்பை எடுத்துக்கொண்டு, தம்பி ஏமாந்தான் என்று சிரிப்பான். நான் கொட்டையை எடுத்துக்கொண்டு, அண்ணன் ஏமாந்தான் என்று சிரிப்பேன். ஒரே பழத்தில் இருவருக்கும் பாதிக்குமேல் கிடைத்துவிட்டது!

மாணவ நண்பர்களே, இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் ஹ்யூகோ ஸ்டைன்ஹாஸ் என்னும் போலந்து நாட்டுக் கணித அறிஞரின் கட்டுரை ஒன்றைப் படித்தபோது, எங்கள் கூடத்துத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்த நினைவு எனக்கு வந்தது. 1948-ஆம் ஆண்டு வெளிவந்த அக்கட்டுரையின் பொருள், நியாயமாகப் பங்கிடுதல் என்பதே. ஒருவன் வெட்ட ஒருவன் எடுக்கும் முறை உலகெங்கும் தொன்றுதொட்டு உள்ளது. மூவர் இருந்தால் என்ன செய்வது, நால்வர் இருந்தால் என்ன செய்வது என்று அவர் வினவினார். மூவருக்கான விடையை அவர் கண்டது இரண்டாம் உலகப் போரின் நடுவில். யூதராகிய அவர் அப்போது நாஜிகளின் கண்ணிற்படாமல், வேற்றுப் பெயர் பூண்டு, நாட்டுப்புறத்தில் மறைந்து வாழ்ந்தார். தமக்குரிய எல்லாமே பறிக்கப்பட்ட ஒருவர், அடைக்கலம் புகுந்த இடத்தில் இருந்துகொண்டு, ஒரு பண்டத்தை யாருக்கும் மனக்குறை இல்லாமல் பங்கிடுவது எப்படி என்று சிந்தித்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

மூவர் என்னும் இடர்ப்பாடு எங்கள் வீட்டுக்கும் வந்தது. 1957-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறைக்கு அத்தையும் அத்தை மகளும் வந்தார்கள். அவளுக்கு எட்டு வயது. வாய் மட்டும் பதினெட்டு. முதல் நாளே முற்றத்தில் வந்து நின்று, "எனக்கு எங்கே பங்கு?" என்றாள். அண்ணன் வெட்டினான், அவள் எடுப்பதா, நான் எடுப்பதா? முதலில் எடுத்தவர் பெரியதை எடுத்தால், இரண்டாமவர் அடுத்ததை எடுத்தால், வெட்டினவனுக்கு எஞ்சியதே கிட்டும், அதுவரையில் சரி. ஆனால் வெட்டினவன் ஒரு பெரிய துண்டும் இரண்டு சிறு துண்டும் வைத்தால் இரண்டாவதாக எடுப்பவர் என்ன பாவம் செய்தார்? பாட்டி நெற்றியைச் சுருக்கினார். அவருடைய சட்டம் அங்கே தீர்ந்துவிட்டது. "பெண்பிள்ளை கடைசியில் எடுத்துக்கொள்ளட்டும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார். அத்தை மகள் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. தன் துண்டைத் தொடாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். குடும்பச் சொத்தில் பிறப்பாலே மகளுக்கும் மகனோடு ஒத்த பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-இல். அன்று திண்ணையில் உட்கார்ந்திருந்தவள் அதற்கு 32 ஆண்டு முன்னதாகவே வழக்குத் தொடுத்துவிட்டாள்.

மூவருக்கும் அதற்கு மேற்பட்டோருக்கும் பொருந்தும் முறை ஒன்றை ஸ்டைன்ஹாசின் நண்பர்களான பானக், க்னாஸ்டர் என்ற இருவர் கண்டார்கள். முதலாமவர் தம் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு என்று தோன்றும் துண்டை வெட்டுகிறார். இரண்டாமவர் அது மிகுதி என்று கருதினால் சற்றே நறுக்கிக் குறைக்கலாம்; மூன்றாமவரும் அவ்வாறே. நறுக்கிய துணுக்குகள் மீதிப் பண்டத்தோடு சேரும். யார் கடைசியாகக் கத்தியை வைத்தாரோ அவருக்கே அத்துண்டு. யாரும் கை வைக்காவிட்டால் முதலாமவருக்கே. மீதியை மற்ற இருவரும் பாட்டி சொன்ன முறைப்படி பங்கிட்டுக்கொள்ளலாம். அழகிய முறை, ஆனால் மாம்பழத்தில் செய்து பார்க்காதீர்கள். மூன்றாவது கை படுவதற்குள் பழம் சாறாகிவிடும்.

தமிழில் ஒரே குலத்து ஆண்மக்களுக்குப் 'பங்காளி' என்று பெயர். வேறெந்த உறவுக்கும் இப்படிப்பட்ட பெயரில்லை. இரத்தத்தைச் சொல்லவில்லை, அன்பைச் சொல்லவில்லை, பங்கைத்தான் சொல்கிறது. நம் முன்னோர் இதில் பொய் சொல்ல விரும்பவில்லை போலும். அந்த ஆண்டு அண்ணனுடைய தமிழாசிரியர் வகுப்பில் குமணன் கதையைச் சொன்னார். தம்பியிடம் நாட்டைப் பறிகொடுத்துக் காட்டிலிருந்த குமணன், தன்னை நாடி வந்த பெருந்தலைச் சாத்தனாருக்குக் கொடுக்க வேறு பொருள் இல்லாமையால், தன் தலையைக் கொண்டுபோகும்படி வாளைக் கொடுத்த செய்தி புறநானூற்றில் வருவது உங்களுக்குத் தெரியும். நாங்கள் அதைத் திண்ணையில் நாடகமாக நடித்தோம். அகப்பையே வாள். அண்ணன் எப்போதும் குமணன். நான் எப்போதும் நாட்டைப் பறித்த தம்பி. ஒருநாளேனும் நான் குமணனாக இருக்கக் கூடாதா என்று கேட்டதற்கு, "நீ தம்பிதானே!" என்றான். அதற்கு மறுமொழி இல்லை.

இனி நாணயக் கதைக்கு வருகிறேன்.

அதே 1957-ஆம் ஆண்டு, ஏப்ரல் முதல் நாள், நாட்டில் புதிய நாணயம் வழக்குக்கு வந்தது. அதுவரையில் ரூபாய்க்குப் பதினாறு அணா; அணாவுக்கு நான்கு காலணா. ஆக ரூபாய்க்கு 64 காலணா. அன்று முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. பழைய நாணயமும் புதிய நாணயமும் சில காலம் ஒன்றாகவே புழங்கின. கடைக்குக் கடை மாற்று அட்டவணை தொங்கிற்று. குதிரை பொறித்த காலணாவும், நடுவில் துளையுள்ள ஓட்டைக் காலணாவும், காளை பொறித்த ஓரணாவும் ஒரு பக்கம். கட்டைவிரல் நகம் போன்ற ஒற்றை நயா பைசாவும், சதுரமான ஐந்தும், விளிம்பு நெளிந்த பத்தும் மறுபக்கம். சந்தையில் முதியவர்கள் உள்ளங்கையை விரித்துக் கடைக்காரரிடமே நீட்டி, "நீயே எடுத்துக்கொள்" என்று சொல்வதை நான் கண்டிருக்கிறேன். எங்கள் பாட்டி சாகும் வரையில் அணாவிலேயே எண்ணினார்.

கணக்கு எளிதாக இருக்கவில்லை. ஓரணாவுக்குச் சரியாக ஆறேகால் நயா பைசா. கால் பைசா நாணயம் கிடையாது. ஆகவே அரைப் பைசாவும் அதற்குக் குறைந்ததும் விடப்படும், அரைக்கு மேற்பட்டால் ஒரு பைசாவாகக் கொள்ளப்படும் என்று விதித்திருந்தார்கள். அதன்படி ஓரணா 6 நயா பைசா, இரண்டணா 12, மூன்றணா 19, நான்கணா 25. காலணாவுக்குச் சற்றேறக்குறைய ஒன்றரைக்கு மேல் வருவதால், அது 2 நயா பைசா, அரையணா 3.

இந்த அட்டவணையை அண்ணன் மளிகைக் கடை வாசலில் நின்று மனப்பாடம் செய்துகொண்டு வந்தான். அன்றிரவு பாயிற் படுத்துக்கொண்டு அவன் எனக்கு அதன் மருமத்தை விளக்கினான். "காலணா மிட்டாய் ஒன்று வாங்கினால் இரண்டு பைசா கொடுக்க வேண்டும். இரண்டு மிட்டாய் சேர்த்து வாங்கினால் அரையணா, மூன்றே பைசா. ஆகவே மிட்டாயைச் சேர்த்தே வாங்க வேண்டும். ஆனால் மூன்றணாச் சாமானை ஒரே தடவையில் வாங்கினால் 19 பைசா. ஓரணா ஓரணாவாக மூன்று தடவை வாங்கினால் 18தான். ஆகவே அம்மா மூன்றணாவுக்குச் சர்க்கரை வாங்கச் சொன்னால், மூன்று நடை போக வேண்டும்." மறுநாள் நாங்கள் அவ்வாறே செய்தோம். கடைக்காரர் எங்கள் மூன்றாவது நடையில், இரு கைகளையும் கூப்பி எங்களை வணங்கினார்.

அண்ணன் அதோடு நின்றுவிட்டான். நான் நிற்கவில்லை. இருட்டில் கண்ணை விழித்துக்கொண்டு, அவன் சொன்னதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். ஒரு காலணாவைக் கொடுத்தால் 2 நயா பைசா கிடைக்கும் என்றால், பதினாறு காலணாவை ஒவ்வொன்றாகக் கொடுத்தால் 32 நயா பைசா அல்லவா கிடைக்கும்? ஆனால் பதினாறு காலணா என்பது நான்கணா. நான்கணாவின் விலையோ 25. ஏழு நயா பைசா வானத்திலிருந்து விழுகிறது! ஒரு ரூபாயில் தொடங்கினால் 64 காலணா. 128 நயா பைசா. அதை மறுபடி காலணாவாக மாற்றினால்... எனக்கு உறக்கம் வரவில்லை. இவ்வளவு பெரிய செல்வம் திறந்து கிடக்கும்போது ஊரில் உள்ளவர்கள் எல்லாரும் எப்படி உறங்குகிறார்கள் என்று எண்ணினேன்.

தொடங்குவதற்கு ஒரு நான்கணா நாணயம் வேண்டியிருந்தது. அம்மா வீட்டுச் செலவுக்கான சில்லறையை அஞ்சறைப் பெட்டியில், வெந்தய அறையில் புதைத்து வைப்பார். பெட்டி அடுக்களை அலமாரியின் மேல் தட்டில் இருந்தது. அண்ணன் கையை நீட்டினால் எட்டும், எனக்கு எட்டாது. ஒரு பிற்பகலில் எல்லாரும் உறங்கும் வேளையில் முக்காலியைப் போட்டு ஏறி, நான்கணாவை எடுத்துவிட்டு, முக்காலியை இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தேன். திருடுகிறோம் என்ற எண்ணமே எனக்கு இல்லை. மாலைக்குள் 25 பைசாவைத் திரும்ப வைத்துவிட்டு ஏழு பைசாவை நான் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. அதுவும் என்னோடு நான் செய்துகொண்ட ஏற்பாடு.

வெற்றிலைக் கடையில் நான்கணாவைக் கொடுத்துப் பதினாறு காலணாவாக மாற்றிக்கொண்டேன். பழைய காசு கழிகிறது என்று அவர் மகிழ்ச்சியோடு கொடுத்தார். பிறகு மளிகைக் கடைக்குச் சென்று ஒரு காலணாவை நீட்டினேன். 2 நயா பைசா கொடுத்தார். தெருமுனை வரை சென்று திரும்பி வந்து மற்றொரு காலணாவை நீட்டினேன். 2 நயா பைசா கொடுத்தார். மூன்றாம் தடவை அவர் என் முகத்தைப் பார்த்தார். மூன்று நடை நடந்து சர்க்கரை வாங்கிய முகமல்லவா? "தம்பி, பையில் உள்ளதை எல்லாம் கொட்டு" என்றார். பதினான்கு காலணா விழுந்தன. "மூன்றரை அணா. 22 பைசா" என்று எண்ணிக் கையில் வைத்தார். ஆக மொத்தம் 26. நான் கண்ட பொற்சுரங்கத்திலிருந்து எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு நயா பைசா.

வீடு திரும்பியபோது கூடத்தில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். அப்பா வந்துவிட்டிருந்தார். அம்மா காய் வாங்குவதற்காக அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். "அந்தத் தட்டு யாருக்கு எட்டும்?" என்பதே அப்பாவின் வினா. கணக்கருடைய தருக்கம் அது, ஓட்டையே இல்லை. அண்ணன் எடுத்தேன் என்றும் சொல்லவில்லை, எடுக்கவில்லை என்றும் சொல்லவில்லை. வாசற்படியில் வந்து நின்ற என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். அவன் முதுகில் இரண்டு அடி விழுந்தது. விடுமுறை முடியும் வரையில் அவனுக்கு வாடகை மிதிவண்டி கிடையாது என்ற தண்டனையும் சேர்ந்தது. அடியை அவன் பொருட்படுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு மணிக்கு இரண்டணா வாடகைக்கு ஒரு சிறு மிதிவண்டி எடுத்து, ஆளுக்கு அரை மணியாக நாங்கள் ஓட்டுவது வழக்கம். அவன் அப்போதுதான் கைப்பிடியைக் கையிலிருந்து விட்டுவிட்டு ஓட்டப் பழகிக்கொண்டிருந்தான்.

நான் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று பிற்காலத்தில் பலமுறை ஆராய்ந்திருக்கிறேன். அச்சம் என்பதைத் தவிர உயர்ந்த காரணம் எதுவும் அகப்படவில்லை. பையில் 26 பைசா இருந்தது. அதை அப்படியே பெட்டியில் போட்டிருக்கலாம். ஆனால் காணாமற்போனது ஒற்றை நாணயம். என்னிடம் இருப்பவையோ புதிய சில்லறைக் காசுகள். போட்டால் அதுவே சாட்சி சொல்லும். கொல்லைச் சுவரில் இரண்டு செங்கல்லுக்கு நடுவே அவற்றைச் செருகி வைத்தேன்.

அன்றிரவு ஒரே பாயில் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தேன். நெடுநேரம் கழித்து அவன், "உன் கையில் வெந்தய வாசனை அடிக்கிறது, கழுவிவிட்டுப் படு" என்றான். அவ்வளவுதான். நான் எழுந்து போய்க் கிணற்றடியில் கையைத் தேய்த்துக் கழுவினேன். திரும்பி வந்தபோது அவன் உறங்கிவிட்டான், அல்லது உறங்குவதாகக் காட்டிக்கொண்டான்.

நான்கு நாள் கழிந்தது. அத்தையும் மகளும் ஊருக்குப் போகும் நாளில் அம்மா தேங்காய்ப் போளி செய்தார். அவர்கள் போன பிறகு ஒன்று மிஞ்சியிருந்தது. வெட்டும் முறை எனக்கு. நான் தரையோடு கன்னத்தை வைக்கவில்லை. கண்ணை மூடவும் இல்லை. கத்தியை ஓரத்தில் வைத்து வெட்டினேன். ஒரு பக்கம் முக்காற்பங்கு. மறுபக்கம் காற்பங்குகூட இல்லை. தட்டை அண்ணன் முன் தள்ளினேன். அவன் இரண்டையும் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். சின்னதை எடுத்து வாயிற் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

பாட்டி தூணில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "ஏண்டா, இன்றைக்குக் கத்தி வழுக்கிவிட்டதா?" என்றார். எனக்குப் போளி உள்ளே இறங்கவில்லை. கொல்லைக்கு ஓடிச் சுவரிலிருந்த காசை எடுத்து வந்து, திண்ணையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அப்பாவின் முன் வைத்தேன்.

அவர் முதலில் காசை எண்ணினார். "இருபத்தாறு ஏன்?" என்று கேட்டார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்: முக்காலி, வெற்றிலைக் கடை, காலணா இரண்டு, பிறகு பதினான்கு. அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துச் செய்தித்தாளின் ஓரத்தில் ஏதோ போட்டுப் பார்த்தார். பெருக்கினார், வகுத்தார், தலையை அசைத்தார். கணக்குச் சரியாக இருந்தது. எனக்கு விழவேண்டிய அடி விழவில்லை. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நெடுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனார்.

அந்தக் காலத்துத் தந்தையர் பிள்ளைகளிடம், தாம் செய்தது தவறு என்று சொல்வதில்லை. அதற்குரிய சொற்கள் அவர்களிடம் இல்லை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, கூடத்தில் இருந்த அண்ணனிடம் "வா" என்றார். எங்கே என்று சொல்லவில்லை. நான் இருபது அடி பின்னால் தொடர்ந்தேன். வேண்டாம் என்றும் அவர் சொல்லவில்லை. மிதிவண்டிக் கடையில் நின்று, ஒரு மணிக்கு உரிய வாடகையைக் கொடுத்தார். 12 நயா பைசா. கடைக்காரர் பிள்ளையின் பெயரை எழுதிக்கொள்ளக் குறிப்பேட்டை எடுத்தபோது, அப்பா தாமே அண்ணனுடைய முழுப் பெயரையும் முதலெழுத்தோடு சொல்லி, "ஒரு மணியும் அவனுக்கே" என்றார். பிறகு திரும்பிப் பாராமல் நடந்துவிட்டார்.

அண்ணன் ஏறி ஓட்டினான். நான் பின்னால் ஓடினேன். மகாமகக் குளத்தை ஒருமுறை சுற்றினோம். அவன் கைப்பிடியை விட்டுவிட்டு இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு ஓட்டியதை அன்றுதான் முழுமையாகப் பார்த்தேன். இரண்டாவது சுற்றில் எனக்கு மூச்சு வாங்கியது. வடகரை மண்டபத்தருகே அவன் காலை ஊன்றி நிறுத்தி, இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உன் அரை மணி" என்றான்.

எங்கள் இருவரிடமும் கடிகாரம் கிடையாது.